செங்கல் அடுக்கிய கைகள்

நுழையும்முன்

அகத்தியமலைத் தொடரில் பிறக்கும் நெய்யாறு, கள்ளிக்காட்டின் அருகே அணைக்கட்டில் தேங்கி, நெய்யாற்றின்கரை வழியாகச் சென்று பூவாறில் கடலோடு கலக்கிறது. 1958ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அணையின் நீர்ப்பரப்பையும் அதில் செல்லும் படகுகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் ஆண்டுதோறும் நடைபெறும் நேரு கோப்பை வள்ளப் பந்தயத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களுள் பலருடைய பெற்றோர் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்தவர்கள். அவர்களில் கட்டடப் பணி செய்வோரும் உண்டு. அப்படிப் பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற ஒரு குடும்பத்தில் பிறந்து, கொத்துவேலை செய்து, படகுப் பந்தயத்தில் உலகை வென்ற ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம். அவர் பெயர் ஜான் பிரெண்டன் கெல்லி. மக்கள் அவரை ஜாக் கெல்லி என்றே அழைத்தனர்.

பிழைப்புத் தேடி வந்த குடும்பம்

அயர்லாந்து ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் உள்ள ஒரு தீவு. 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு ஏழை உழவர்களின் முதன்மை உணவு உருளைக்கிழங்கு. 1845ஆம் ஆண்டு முதல் உருளைக்கிழங்குப் பயிரை ஒருவகை நோய் தாக்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் விளைச்சல் அழிந்தது, பெரும்பஞ்சம் பரவியது. ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினர். பஞ்சம் ஓய்ந்த பின்னும் அயர்லாந்து மக்கள் கப்பலேறி அமெரிக்கா செல்வது நிற்கவில்லை.

அவ்வாறு சென்று பிலடெல்பியா நகரில் குடியேறியது கெல்லியின் பெற்றோரின் தலைமுறை. அந்நகரின் ஈஸ்ட் ஃபால்ஸ் என்னும் பகுதியில் பெரிய நெசவாலைகள் இருந்தன. ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அவற்றைச் சுற்றி நெருக்கமாக வாழ்ந்தன. கெல்லியின் தந்தையும் ஆலையில் வேலை செய்தே குடும்பத்தைக் காத்தார். அவ்வீட்டில் 10 பிள்ளைகள். அவர்களுள் ஒருவராக 1889ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஜாக் கெல்லி பிறந்தார்.

பெரிய குடும்பம், சிறிய வருமானம். ஆகவே பிள்ளைகள் வளர வளர வேலைக்குச் செல்வது அவ்வீட்டின் வழக்கமாயிற்று. அண்ணன்மார்களுள் ஒருவர் கட்டட ஒப்பந்தத் தொழிலில் இறங்கினார். மற்றொருவரான வால்டர் நாடக மேடையில் நகைச்சுவை நடிகராகப் புகழ் பெற்றார். இன்னொருவரான ஜார்ஜ் நாடக ஆசிரியரானார். 1926ஆம் ஆண்டு அமெரிக்காவின் உயரிய புலிட்சர் பரிசையும் பெற்றார். ஆலைத் தெருவில் வளர்ந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள் தம் உழைப்பால் வெவ்வேறு துறைகளில் உயர்ந்தனர். ஜாக் தேர்ந்தெடுத்த தொழில் கொத்துவேலை.

கரணையும் துடுப்பும்

பிலடெல்பியா செங்கல் வீடுகளின் நகரம். ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள் அங்குத் தெருத்தெருவாக எழுந்துகொண்டிருந்த காலம் அது. அண்ணனின் நிறுவனத்தில் தொழில் பழகுநராகச் சேர்ந்த கெல்லி, செங்கல் சுமந்தார், சாந்து குழைத்தார், கரணை பிடிக்கவும், தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர் பார்க்கவும், இரசமட்டம் வைத்து வரியின் மட்டம் பார்க்கவும் கற்றார். ஒரு வரி கோணினால் அதன்மேல் எழும் சுவர் முழுதும் கோணும். ஆகவே கொத்தனாருக்கு வலிமை மட்டும் போதாது. ஒவ்வொரு கல்லிலும் கவனம் வேண்டும். இரண்டும் கெல்லியிடம் இருந்தன.

அவர் வளர்ந்த பகுதியை ஒட்டி ஸ்கூல்கில் என்னும் ஆறு ஓடுகிறது. நகருக்குக் குடிநீர் வழங்குவதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வாற்றின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டது. அணைக்கு மேலே தண்ணீர் அலையடங்கி, நீண்ட குளம்போல் தேங்கி நின்றது. குடிப்பதற்காகத் தேக்கிய நீர், படகுப் பந்தயத்துக்கும் ஏற்ற இடமாயிற்று. கரையில் படகுக் கழகங்கள் வரிசையாகத் தோன்றின. வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில் கெல்லி அங்குச் சென்று துடுப்பு வலித்தார். 1909ஆம் ஆண்டளவில் அவர் வெஸ்பர் படகுக் கழகத்தில் உறுப்பினரானார்.

அவர் தேர்ச்சி பெற்ற ஒற்றையர் படகு, நாம் அறிந்த வள்ளங்களினின்று பெரிதும் வேறுபட்டது. சுண்டன் வள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அமர்ந்து, செல்லும் திசையை நோக்கியபடி, வள்ளப்பாட்டின் தாளத்துக்குத் துழாவுவர். ஒற்றையர் படகிலோ ஒரே ஒருவர். படகின் நீளம் ஏறத்தாழ 8 மீட்டர். அகலம் ஒரு முழத்தைவிடக் குறைவு. வீரர் இரு கைகளிலும் இரு துடுப்புகளைப் பற்றியிருப்பார். அவருடைய பாதங்கள் படகோடு பிணைக்கப்பட்டிருக்கும். இருக்கை மட்டும் முன்னும் பின்னும் நழுவும். முழங்கால்களை மடக்கி முன்சென்று, துடுப்பை நீரில் இறக்கி, கால்களால் உதைத்து, முதுகை நிமிர்த்தி, இறுதியில் கைகளால் இழுத்தால் படகு பாயும். கால், முதுகு, தோள், கை ஆகிய அனைத்தும் ஒரே கணத்தில் ஒத்துழைக்க வேண்டும். ஒரு துடுப்பு சற்றே ஆழமாக இறங்கினாலும் படகு சாயும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. இப்படகில் வீரர் செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்கிறார். சென்றடைய வேண்டிய எல்லைக்கோடு அவர் கண்ணுக்குத் தெரியாது. கடந்துவந்த தொலைவு மட்டுமே தெரியும். தாளம் கொடுக்கத் தோழர் இல்லை. தளர்ந்தால் தாங்குவாரும் இல்லை. தன் மூச்சையே தாளமாகக் கொண்டு அவர் தனியே போராட வேண்டும்.

இப்போராட்டத்தில் கெல்லிக்கு இணையானவர் அமெரிக்காவில் அரியர் ஆயினர். முதல் உலகப் போரின்போது அவர் படையில் சேர்ந்து பணியாற்றினார். அங்குக் குத்துச்சண்டையிலும் வெற்றிகள் பெற்றார். போர் முடிந்து திரும்பியதும், 1919ஆம் ஆண்டு, உடன்பிறந்தோரிடம் கடன் பெற்றுச் சொந்தமாகச் செங்கல் கட்டுமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஒற்றையர் படகில் அமெரிக்காவின் தேசிய வாகையரானார். 1920ஆம் ஆண்டிலும் அப்பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். ஒற்றையர் பந்தயங்களில் அவர் தொடர்ந்து 126 முறை வென்றார் என்பது அவரைப் பற்றி நிலைபெற்ற கணக்கு.

மூடிய கதவு

அக்காலத்தில் படகு வீரர்கள் அனைவரும் கனவு கண்ட ஓர் இடம் இருந்தது. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் கரையில் உள்ள ஹென்லி என்னும் சிற்றூரே அது. 1839ஆம் ஆண்டு முதல் அங்குப் படகுப் பந்தயங்கள் நடைபெற்று வருகின்றன. 1851ஆம் ஆண்டு அரச குடும்பத்தின் ஆதரவு கிடைத்தபின், அது அரசப் பந்தயம் என்னும் சிறப்பைப் பெற்றது. ஒற்றையர் படகுக்காக 1844ஆம் ஆண்டு அங்கு ஏற்படுத்தப்பட்ட டயமண்ட் ஸ்கல்ஸ் என்னும் கோப்பை, உலகின் மிகப் பெருமை வாய்ந்த பரிசாகக் கருதப்பட்டது. 1920ஆம் ஆண்டு கோடையில் அப்போட்டியில் கலந்துகொள்ளக் கெல்லி விண்ணப்பித்தார். பயணத்துக்கான ஏற்பாடுகளையும் செய்தார். கப்பலேறச் சில நாள்களே இருந்தபோது, அவருடைய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்ற செய்தி வந்து சேர்ந்தது.

மறுப்புக்கு இரு காரணங்கள் இருந்தன. முதலாவது, அவர் சார்ந்திருந்த கழகம். 1905ஆம் ஆண்டு வெஸ்பர் கழகத்தின் எண்மர் அணி ஹென்லிக்குச் சென்றபோது, பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டியிருந்தது. பொழுதுபோக்காக மட்டுமே விளையாடுவோர் அவ்வாறு பணம் பெறலாகாது என்பது ஹென்லியின் விதி. எனவே அக்கழகத்தாரை இனி ஏற்பதில்லை என அடுத்த ஆண்டே பந்தயக் குழுவினர் தீர்மானித்திருந்தனர்.

இரண்டாவது காரணம் கெல்லியின் தொழில். கூலிக்காகக் கைவினைஞராகவோ உடலுழைப்புத் தொழிலாளியாகவோ எக்காலத்திலேனும் பணிசெய்த எவரும் அங்குப் போட்டியிட இயலாது என்று ஹென்லியின் விதி கூறிற்று. அதன் தொடக்கம் தேம்ஸ் ஆற்றில் படகோட்டிப் பிழைத்தவர்களோடு தொடர்புடையது. பயணிகளை ஏற்றிச் செல்லும் அவ்வோடக்காரர்கள் பணத்துக்காகவும் பந்தயம் ஓட்டினர். நாளெல்லாம் துடுப்பு பிடிப்பவரோடு, ஓய்வு நேரத்தில் மட்டும் துடுப்பு பிடிப்பவர் எவ்வாறு போட்டியிட முடியும் என்று கேட்பதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஹென்லியின் விதி ஓடக்காரரோடு நிற்கவில்லை. தச்சர், கொல்லர், கொத்தனார் என உடலால் உழைப்போர் அனைவரையும் அது விலக்கிற்று. உழைப்பால் உடல் உரம் பெறுவது பிறருக்கு அநீதி என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மருத்துவரும் வழக்கறிஞரும் நிலவுடைமையாளரும் நாள் முழுதும் பயிற்சி செய்து உடலை உரமாக்கிக்கொள்வதை அவ்விதி தடுக்கவில்லை. ஆகவே அது காத்தது விளையாட்டின் சமநிலையை அன்று. உயர்குடியினர் தொழிலாளியின் அருகில் அமர வேண்டாத நிலையை.

உழைப்பை இழிவாகக் கருதும் பழக்கம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. எந்தத் தொழில் செய்பவர் எங்கு நிற்கலாம், எந்த வீட்டுக்குள் நுழையலாம் என்று கோடு கிழித்த வரலாறு நம் நாட்டிலும் உண்டு. கெல்லிக்கு நேர்ந்தது நமக்கு எளிதாக விளங்குவதற்கு அதுவே காரணம்.

ஒரே நாளில் இரு தங்கங்கள்

மறுப்புச் செய்தி கெல்லியைப் பெரிதும் வருத்தியது. தாம் செய்த தொழிலை மறைக்கவோ, அதற்காக நாணவோ அவர் எண்ணவில்லை. அவ்வாண்டு பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரம் ஒலிம்பிக் போட்டிகளை நடத்தியது. போரினால் 1916ஆம் ஆண்டுப் போட்டிகள் நடைபெறாமையால், 8 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த ஒலிம்பிக் அது. அமெரிக்க அணியில் இடம்பெற்ற கெல்லி அங்குச் சென்றார்.

படகுப் பந்தயங்கள் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அருகே ஒரு கப்பல் கால்வாயில் நடைபெற்றன. ஒற்றையர் இறுதிப் போட்டியில் கெல்லியை எதிர்த்து நின்றவர் இங்கிலாந்தின் ஜாக் பெரெஸ்ஃபோர்டு. கெல்லிக்கு மறுக்கப்பட்ட ஹென்லிப் பந்தயத்தில் அவ்வாண்டு டயமண்ட் ஸ்கல்ஸ் கோப்பையை வென்றவர் அவரே. ஹென்லியில் நடந்திருக்க வேண்டிய போட்டி, அதன் கதவுக்கு வெளியே, வேறொரு நாட்டின் கால்வாயில் நடந்தது.

பெரெஸ்ஃபோர்டு எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். அன்று 21 வயது இளைஞரான அவர், பின்னாளில் 1936 வரை 5 ஒலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்று பெரும்புகழ் எய்தியவர். அவருடைய முன்னோரும் வேற்று நாட்டிலிருந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களே. போலந்து நாட்டு வழிவந்த அக்குடும்பத்தின் தொழில் மரச்சாமான் செய்தல். ஆயினும் அவர் தொழிலகத்தை நடத்திய குடும்பத்தின் மைந்தர்; கூலிக்கு உளி பிடித்தவர் அல்லர். ஹென்லியின் விதி இருவருக்கும் இடையே கண்ட வேறுபாடு இவ்வளவே.

பந்தயத் தொலைவு 2000 மீட்டர். இருவரும் தம் ஆற்றல் முழுவதையும் செலுத்தினர். கெல்லி 7 நிமிடம் 35 நொடியில் எல்லைக்கோட்டைக் கடந்தார். பெரெஸ்ஃபோர்டு அடுத்த நொடியில் கடந்தார். அருகருகே வந்து நின்ற இருவருக்கும் கைகுலுக்கக்கூட வலிமை எஞ்சவில்லை. அந்த ஒரு நொடி கெல்லிக்கு ஒலிம்பிக் தங்கத்தை ஈட்டித் தந்தது.

அன்றைய பணி அத்துடன் முடியவில்லை. ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குப் பின் இரட்டையர் படகின் இறுதிப் போட்டி. தம் உறவினர் பால் கோஸ்டெல்லோவுடன் கெல்லி மீண்டும் படகேறினார். மூச்சு சீராகுமுன் மறுபடியும் 2000 மீட்டர். இத்தாலி நாட்டு இணையரை வென்று அதிலும் இருவரும் தங்கம் பெற்றனர். செங்கல் அடுக்கித் தழும்பேறிய கைகள் ஒரே நாளில் இரு தங்கப் பதக்கங்களை வென்றன.

வெற்றிக்குப் பின் கெல்லி, வியர்வை ஊறிய தம் பச்சைத் தொப்பியை இங்கிலாந்து மன்னருக்கு அனுப்பினார் என்றொரு கதை வழங்கி வருகிறது. அது நிகழ்ந்ததோ இல்லையோ, தொழிலாளர் குடும்பங்கள் அதனை மகிழ்ந்து சொல்லி வந்தன. தம்மில் ஒருவர் பெற்ற வெற்றியைத் தம் வெற்றியாகவே அவர்கள் கருதினர்.

1924ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் கெல்லியும் கோஸ்டெல்லோவும் இரட்டையர் படகில் மீண்டும் தங்கம் வென்றனர். படகுப் பந்தயத்தில் மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் பெற்ற முதல் வீரர் என்னும் சிறப்பு கெல்லியைச் சேர்ந்தது. எதிர்த்து நின்ற பெரெஸ்ஃபோர்டோ காலப்போக்கில் அவருக்கு நண்பரானார். கெல்லியின் மனக்குறை ஒரு விதியின் மீதே இருந்தது. ஒரு மனிதர் மீது அன்று.

விதி மாறியது எவ்வாறு?

கெல்லியின் வெற்றியைக் கண்டு ஹென்லி தன் விதியை மாற்றிக்கொண்டதா? இல்லை. அவ்விதி மேலும் பல ஆண்டுகள் நிலைத்தது. அதனால் பெயர் அறியப்படாத தொழிலாளர் பலர் கதவுக்கு வெளியிலேயே நின்றனர். 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்ற ஆஸ்திரேலிய எண்மர் அணியும் ஹென்லியில் போட்டியிட இயலவில்லை. அவ்வணியினர் காவலர்கள்; காவல் பணியும் உடலுழைப்புத் தொழிலாகக் கருதப்பட்டதே அதற்குக் காரணம். எதிர்ப்புகள் வலுத்தன. 1937ஆம் ஆண்டு, உடலுழைப்பாளரை விலக்கும் பகுதி விதியிலிருந்து நீக்கப்பட்டது. கெல்லி மறுக்கப்பட்ட ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 17 ஆண்டுகள்.

ஒரு வீரரின் வெற்றி ஒரு விதியின் பொய்யை வெளிப்படுத்தலாம். அவ்விதியை நீக்குவதற்குப் பலருடைய குரலும் காலமும் வேண்டும். கெல்லியின் வரலாற்றை ஒருவரின் புகழாக மட்டும் படித்தால் இவ்வுண்மை நம் கண்ணில் படாமல் போகும்.

கரையேறிய பின்

போட்டிகளினின்று விலகிய கெல்லி தொழிலில் கருத்தூன்றினார். அவர் தொடங்கிய நிறுவனம் அமெரிக்காவின் கீழைக் கடற்கரைப் பகுதியில் பெயர்பெற்ற செங்கல் கட்டுமான நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. கரணை பிடித்தவர் செல்வரானார். தாம் பிறந்த ஈஸ்ட் ஃபால்ஸ் பகுதியிலேயே பெரியதொரு செங்கல் வீடு கட்டிக் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவருடைய மனைவி மார்கரெட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி கற்பித்தவர். அவர்களுக்கு மூன்று மகள்களும் ஒரு மகனும் பிறந்தனர்.

பொதுவாழ்விலும் கெல்லி ஈடுபட்டார். 1935ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரத் தந்தை பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். இரண்டாம் உலகப் போரின்போது, மக்களின் உடல்நலப் பயிற்சியை வளர்க்கும் தேசியப் பணிக்குக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அவரைத் தலைமை ஏற்கச் செய்தார். உடலுழைப்பாளர் என்பதற்காக ஒருகாலத்தில் விலக்கப்பட்டவர், ஒரு நாட்டு மக்களுக்கே உடலுரம் பேண வழிகாட்டும் பொறுப்பைப் பெற்றார்.

ஆயினும் ஹென்லி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. தம் மகன் ஜானுக்குச் சிறுவயதிலேயே துடுப்பு வலிக்கக் கற்பித்தார். 1946ஆம் ஆண்டு மகன் ஹென்லிக்குச் சென்று, இறுதிப் போட்டியில் பிரெஞ்சு வீரர் ஒருவரிடம் தோற்றார். மறு ஆண்டு மீண்டும் சென்றார். 1947ஆம் ஆண்டு டயமண்ட் ஸ்கல்ஸ் கோப்பை அவர் கைக்கு வந்தது. தந்தைக்குக் கதவு மூடப்பட்டு 27 ஆண்டுகள் கடந்திருந்தன. 1949ஆம் ஆண்டும் மகனே அக்கோப்பையை வென்றார். பின்னர் 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

தந்தையின் நிறைவேறாத ஆசையை மகன் சுமப்பது எளிதன்று. தந்தையின் மூன்று தங்கங்களோடு தம் ஒவ்வொரு வெற்றியும் ஒப்பிடப்படும் என்பதை அறிந்தே அவர் படகில் அமர வேண்டியிருந்தது. இருப்பினும் அவர் தளரவில்லை. 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் தம் நாட்டுக்காகத் துடுப்பு வலித்தார்.

கெல்லியின் மகள்களுள் ஒருவர் கிரேஸ். திரைப்பட நடிகையாகி ஆஸ்கர் விருது பெற்ற அவர், 1956ஆம் ஆண்டு மொனாக்கோ நாட்டு மன்னரை மணந்தார். கொத்தனாரின் மகளான அவரை 1981ஆம் ஆண்டு ஹென்லிப் பந்தயக் குழுவினர் அழைத்து, வெற்றியாளர்களுக்குப் பரிசு வழங்கச் செய்தனர். தந்தையை உள்ளே விடாத இடத்தில் மகளின் கைகளால் பரிசுகள் வழங்கப்பட்டன. பின்னாளில் அவர் பெயரால் மகளிருக்கான கோப்பை ஒன்றும் அங்கு ஏற்படுத்தப்பட்டது.

அதனைக் காணக் கெல்லி உயிரோடு இல்லை. 1960ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் தாம் பிறந்த பிலடெல்பியா நகரிலேயே அவர் காலமானார். ஸ்கூல்கில் ஆற்றங்கரையில், பந்தயங்கள் முடியும் இடத்தின் அருகே, ஒற்றையர் படகில் அமர்ந்து துடுப்பு வலிக்கும் கோலத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டுள்ளது.

அன்பு மாணவர்களே! விடாமுயற்சியின் சிறப்பை உணர்த்த வள்ளுவர் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கெல்லியின் வாழ்வு அதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. எனினும் அவர் முயன்று உயர்ந்தார் என்பது மட்டும் இவ்வரலாற்றின் பொருள் அன்று. அவர் கொத்தனாராக இருந்தபோதும் மதிப்புக்கு உரியவரே. தங்கப் பதக்கம் அம்மதிப்பை உண்டாக்கவில்லை, மறுத்தவர்களும் காணும்படி செய்தது. நாம் வாழும் வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் யாரோ ஒருவருடைய கைகளின் உழைப்பு இருக்கிறது. அக்கைகள் நம் தாய் தந்தையருடையனவாக இருப்பின், பெற்றோரின் தொழிலைக் கேட்கும் படிவத்தில் அதனைத் தெளிவாகவும் தயக்கமின்றியும் எழுதுவோம்.

அருஞ்சொற்பொருள்

கரணை – சாந்து பூசக் கொத்தனார் பயன்படுத்தும் கருவி
சாந்து – செங்கற்களை இணைக்கும் கலவை
தூக்குக்குண்டு – சுவரின் செங்குத்து நேரைப் பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டு
இரசமட்டம் – கிடைமட்டத்தைப் பார்க்க உதவும் கருவி
துடுப்பு வலித்தல் – துடுப்பால் நீரைத் தள்ளிப் படகைச் செலுத்துதல்
வாகையர் – போட்டியில் முதலிடம் பெற்றவர்
எண்மர் – எட்டுப் பேர்
உரம் – வலிமை
தழும்பு – உராய்வாலோ காயத்தாலோ தோலில் ஏற்படும் தடம்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. கெல்லியின் பெற்றோரின் தலைமுறை எந்நாட்டிலிருந்து எந்நகருக்குச் சென்று குடியேறியது?
2. ஸ்கூல்கில் ஆறு படகுப் பந்தயத்துக்கு ஏற்ற இடமானது எவ்வாறு?
3. ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் கெல்லி வென்ற இரு போட்டிகள் யாவை?
4. 1936ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய அணி ஹென்லியில் போட்டியிட இயலாமைக்குக் காரணம் யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. சுண்டன் வள்ளத்துக்கும் ஒற்றையர் படகுக்கும் உள்ள வேறுபாடுகளைத் தொகுத்து எழுதுக.
2. கெல்லியின் விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்கான இரு காரணங்களை விளக்குக. அவற்றுள் உமக்கு நியாயமற்றதாகத் தோன்றுவது எது? ஏன்?

இ. சிந்தித்து எழுதுக.

கெல்லி ஒலிம்பிக்கில் தோற்றிருந்தால், ஹென்லியின் விதி சரியானது என்று ஆகிவிடுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. மொழியோடு விளையாடு.

1. பிரித்து எழுதுக: பெரும்பஞ்சம், எல்லைக்கோடு, உடலுழைப்பு, தங்கப்பதக்கம்.
2. 'நாள்தோறும்' என்பது போல் 'தோறும்' என முடியும் நான்கு சொற்களை எழுதித் தொடரில் அமைக்க.

உ. செயல்பாடு.

உங்கள் வீட்டில் அல்லது அண்டை வீட்டில் கைத்தொழில் செய்யும் பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் கருவிகள் ஐந்தின் பெயர்களைக் கேட்டறிக. அவற்றுக்குத் தமிழ்நாட்டில் உள்ள உங்கள் ஊரில் வழங்கும் பெயரையும், இங்கு மலையாளத்தில் வழங்கும் பெயரையும் அருகருகே தமிழ் எழுத்தில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.